வன்னியில் இறங்குங்கள்: விடுமுறைக்கு வரும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான உறவுகளே,

நல்லூர்த் திருவிழாவுக்கும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குமாக ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் வருகிறீர்கள். கட்டுநாயக்காவில் வான் தயாராக நிற்கும். இரவோடிரவாக ஓடினால் விடிய யாழ்ப்பாணம். வவுனியா தாண்டும்போது பிள்ளைகள் நல்ல நித்திரை. முறிகண்டியில் மட்டும் வான் நிற்கும். சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிப்பார். நீங்கள் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு, வரிசையாக இருக்கிற கடைகளில் ஒன்றில் சுடச்சுடக் கச்சான் சரை வாங்கிக்கொண்டு ஏறுவீர்கள். ஆனையிறவில் வெளிச்சம் வந்திருந்தால் ஒரு படம் எடுப்பீர்கள். அதோடு வன்னி முடிந்துவிடும்.

வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரைக்கும் ஏ9 வீதியில் கிட்டத்தட்டத் தொண்ணூறு கிலோமீற்றர். மேற்கே பூநகரியின் மணல் திட்டிகளில் தொடங்கிக் கிழக்கே முல்லைத்தீவுக் கடல்வரை கிடக்கிறது எங்கள் நிலம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று மூன்று மாவட்டங்கள். அதை ஒரு கால் மணித்தியால நிறுத்தத்தில் பார்த்து முடித்துவிடுகிறீர்களே என்பது இங்கே இருக்கிற எங்களுக்குப் பெரிய மனத்தாங்கல். அடுத்த முறை வன்னியில் இறங்குங்கள், ஓரிரண்டு இரவு தங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வருகிற வழியில் உங்களில் பலர் சிங்கப்பூரிலோ பாங்கொக்கிலோ கோலாலம்பூரிலோ நாலைந்து நாள் நிற்கிறீர்கள். அங்கே உங்கள் பிள்ளைகள் திரிகிற துணிச்சலைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. சிங்கப்பூரில் எம்.ஆர்.ரி. ரயிலில் தனியாக ஏறி இறங்குகிறார்கள். பாங்கொக்கில் சாவோபிரயா ஆற்றுப் படகில் உள்ளூர்ச் சனத்தோடு நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஹனோயில் மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்குள்ளே நடந்து றோட்டைக் கடக்கிறார்கள். ஒரு சொல் விளங்காத ஊரில் இரவுச் சந்தைக்குள் புகுந்து, கையால் காட்டிச் சாப்பாடு வாங்குகிறார்கள். அதே பிள்ளைகளைத் தங்கள் சொந்த மொழி பேசுகிற மண்ணில் மட்டும் ஏன் கறுப்புக் கண்ணாடி போட்ட வானுக்குள் அடைத்துக்கொண்டு போகிறீர்கள்?

பயம் ஒரு காரணம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்கும் தெரியும். 1990இல் பாதை பூட்டப்பட்டது. ஆனையிறவால் போக முடியாத அந்தக் காலத்தில் கிளாலியில் இரவு வள்ளம் ஏறி, கடலில் எப்போது சூடு விழும் என்று தெரியாமல் நீரேரியைக் கடந்து பூநகரிப் பக்கம் கரையேறியவர்கள் உங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். 2002இல் பாதை திறந்தபோது ஓமந்தையில் ஒருதரம் பொதியை அவிழ்த்துக் காட்டி, புளியங்குளத்தில் மறுபடி அவிழ்த்துக் காட்டி, முகமாலையில் இன்னொருதரம் வரிசையில் நின்றீர்கள். 2006 ஓகஸ்ட்டில் அதுவும் பூட்டுப்பட்டது. போர் முடிந்த பிறகும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்கவேண்டியிருந்தது. அந்த விதியை நீக்கி, பிறகு 2014 ஒக்டோபரில் திரும்பக் கொண்டுவந்து, 2015 ஜனவரியில் மறுபடி நீக்கினார்கள். இவ்வளவையும் பட்டவர்களுக்கு வவுனியாவுக்கு வடக்கே கண்ணாடியை இறக்கக்கூட மனம் வராதுதான்.

ஆனால் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும் இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருடம் அதில் பெருந்தொகையானவர்கள் கிளாலியைக் கடந்து இங்கே வந்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் மரங்களுக்குக் கீழேயும் கிடுகுக் கொட்டில்களிலும் இருந்தார்கள். பொருளாதாரத் தடை இருந்த காலம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். இருந்தும் இந்தக் காடும் வயலும் அவர்களுக்குச் சோறு போட்டன. அதற்கு முந்தி 1958 கலவரத்திலும் 1977 கலவரத்திலும் அடிபட்டு வந்த மலையகத்துச் சனத்தையும் இந்த மண்தான் ஏந்தியது. வந்தாரை வாழவைக்கும் வன்னி என்று மேடையில் சொல்வது எல்லாருக்கும் பழகிவிட்டது. வாழவைத்த வீட்டுக்கு ஒருதரம் போய் இருந்துவிட்டு வருகிற பழக்கமும் நம்மிடம் உண்டுதானே?

பயணத்தைச் சொல்கிறேன். முதலில் ரயில். யாழ்தேவி 1956 ஏப்ரல் 23 ஓடத் தொடங்கியது, 1990இல் நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கிளப்பப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை போன இடத்தில் பற்றை வளர்ந்தது. பிறகு இந்திய நிறுவனமான இர்கொன் புதிதாகப் பாதை போட்டு, 2013 செப்டெம்பர் 14 ரயில் கிளிநொச்சிக்கு வந்தது. யாழ்ப்பாணம் போய்ச் சேர இன்னும் ஒரு வருடம் பிடித்தது. 2014 ஒக்டோபர் 13. அந்த ஒரு வருடத்தில் யாழ்ப்பாணத்துப் பயணிகள் கிளிநொச்சியிலும் பிறகு பளையிலும் இறங்கி பஸ் ஏறினார்கள். அந்த நாளில் கிளிநொச்சிச் சந்தையில் தேத்தண்ணி குடித்தவர்கள் பலர். பாதை நீண்டதும் அவர்களும் மேலால் போய்விட்டார்கள்.

பகல் ரயிலில் வாருங்கள். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று காட்டுக்குள்ளால் போகும். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற வறள்காடு. கண்ணுக்கு உடனே அழகாகத் தெரியாது, பார்க்கப் பார்க்கத்தான் தெரியும். மயில் சாதாரணம். பின்னேரத்தில் காட்டோரம் யானையும் காணக்கூடும். முறிகண்டி, அறிவியல் நகர் தாண்டி வயல் விரியும்போது கிளிநொச்சி. ஆனையிறவில் பாடசாலைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்த்துக் கொடுத்த காசில் கட்டிய சிறிய நிலையம் ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். மார்கழி, தை மாதங்களில் வெள்ளைத் திட்டுத் திட்டாகப் பறவை.

1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்குப் போன லெனார்ட் வூல்ஃப் என்ற இளம் ஆங்கிலேயருக்கு இந்தப் பாதை இன்னும் பூர்த்தியாகியிருக்கவில்லை. அநுராதபுரம்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஆனையிறவுவரை தபால் வண்டியில் போனார். தபால் வண்டி என்றால் மாட்டு வண்டி. தபால் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு வன்னிக் காட்டைக் கடந்த அந்தப் பயணத்தைப் பல பத்து வருடங்களுக்குப் பிறகு தன் சுயசரிதையில் எழுதினார். மெல்லப் போனவருக்கு எழுத இருந்தது.

இனி பஸ். ஏ9இலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்கு இரண்டு பெரிய வீதிகள் பிரிகின்றன: மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக ஒன்று, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக மற்றது. பரந்தன் பஸ்ஸைத்தான் நான் முதலில் சொல்வேன். சந்தியில் நின்றால், "விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு" என்று நடத்துனர் கூப்பிடுவது கேட்கும். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும். கதவடியில் நிற்கவேண்டாம், பின்னுக்குப் போங்கள். உங்களுக்குப் பக்கத்தில் மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கொப்பியோடு போகிற ஒரு அம்மா இருப்பார். காலடியில் யாரோ ஒருவருடைய பயிற்றங்காய்க் கட்டு. இரண்டு மணி பஸ் என்றால் வெள்ளைச் சட்டைப் பள்ளிப் பிள்ளைகள் உங்கள் மடியில் புத்தகப் பையைத் தந்துவிட்டுத் தாங்கள் நின்றபடி வருவார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கேட்பார்: "நீங்கள் எவடம்?" கனடா என்று சொல்லாதீர்கள். அப்பாவின் ஊரைச் சொல்லுங்கள், அம்மாவின் ஊரைச் சொல்லுங்கள். தர்மபுரம் வருவதற்குள் உங்களுக்கும் அவருக்கும் தெரிந்த ஒருவரை அவர் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் பிள்ளையின் தமிழ் தடுமாறினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். மெல்லச் சொல்லித் திரும்பக் கேட்பார்கள்.

அந்த வீதியின் ஊர்ப்பெயர்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு. 2009 ஜனவரி 2 கிளிநொச்சி படையினர் கையில் விழுந்த பிறகு, சனம் உழவு இயந்திரத்திலும் சைக்கிளிலும் நடையிலுமாக, கூரைத்தகட்டையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு போனது இந்த வீதியாலும் இதன் ஒழுங்கைகளாலும்தான். பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் முதலில் அறிவித்தது இந்த வீதியோரத்து ஊர்களைத்தான். அங்கேயும் செல் விழுந்தது. பிறகு கடற்கரைக்குத் தள்ளப்பட்டார்கள்: மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால். மே நடுப்பகுதியில் நந்திக்கடலும் கடலும் சந்திக்கிற இடத்திலிருந்த ஒடுங்கிய வட்டுவாகல் பாலத்தைக் கடந்து, கையில் ஒன்றுமில்லாமல் மறுகரைக்கு வந்தார்கள். கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் செட்டிகுளத்து முள்வேலி முகாம்களில் இருந்தார்கள். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. வட்டுவாகலில் புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது.

இன்று அந்தப் பஸ்ஸில் இருக்கிறவர்களில் முப்பது வயது தாண்டிய அநேகமாக எல்லாரும் அந்த வழியால் நடந்தவர்கள். ஊர் ஊராக அவர்கள் இறங்கிப் போவார்கள். வானுக்குள் இருந்து பார்த்தால் இது தெரியாது.

போர் முடிந்த அடுத்தடுத்த வருடங்களில் தெற்கிலிருந்து நூற்றுக்கணக்கில் பஸ்கள் வந்தன. விடுதலைப் புலிகளின் தலைவர் இருந்ததாகச் சொல்லப்பட்ட நிலக்கீழ்ப் பதுங்குமிடத்தைப் பார்க்கச் சனம் வரிசையில் நின்றது. கிளிநொச்சியில் கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று படமெடுத்தார்கள். அப்போதுதான் மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த எங்கள் சனம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. 2013 ஒக்டோபரில் அந்தப் பதுங்குமிடத்தைப் படையினரே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனால் கிளிநொச்சியில் எறிகணை துளைத்த சீமெந்துக் கட்டியிலிருந்து தாமரை விரிகிற சின்னம், ஆனையிறவில் 1991 சண்டையில் சிக்கிய கவசப் புல்டோசர், புதுக்குடியிருப்பில் வெற்றிச் சின்னம் எல்லாம் அரசின் செலவில் எழுந்தவை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்துக் கட்டடத்தை அப்படியே நிற்கவிட்டார்கள். யுனெஸ்கோ 1996இல் அதை உலக மரபுரிமையாக ஏற்றது. குண்டுக்குத் தப்பியவர்களே அங்கே பார்வையாளருக்குத் தங்கள் கதையைச் சொன்னார்கள். புனோம் பென்னில் சித்திரவதைக் கூடமாக இருந்த பள்ளிக்கூடம் இன்று அருங்காட்சியகம். உங்களில் அங்கேயெல்லாம் போய்த் தலைகுனிந்து நின்றவர்கள் இருக்கிறீர்கள். இங்கே செத்த சனத்துக்கு அரசு கட்டிய அருங்காட்சியகம் கிடையாது. முள்ளிவாய்க்காலில் சனமாகச் சேர்ந்து அமைத்த நினைவிடம்தான் உண்டு. மே 18இல் அங்கே விளக்கேற்றுவார்கள். அந்த வாரம் சந்திகளில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள்: அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சி, கடைசி நாட்களில் அதுதான் சாப்பாடு. தந்தால் வாங்கிக் குடியுங்கள்.

போகிற இடத்தில் எப்படி நடக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கவேண்டாம். "அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள்" என்று சந்தித்த உடனே கேட்காதீர்கள். வருகிற ஆய்வாளர், நிருபர், தொண்டு நிறுவனக்காரர் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். சொல்லிச் சொல்லிச் சனம் களைத்துப்போயிருக்கிறது. தாங்களாகச் சொன்னால் கடைசிவரை கேளுங்கள். போனை எடுத்துப் பதியாதீர்கள். அவயவம் இழந்த ஒருவர் கடை வைத்திருந்தால் அவரிடம் சாமான் வாங்குங்கள், அவரைப் படமெடுக்காதீர்கள். ஆனால் கேட்கச் சொல்லியே தெருவில் இருக்கிறவர்களும் உண்டு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதே மாதங்களில் தொடங்கியது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி பதில் தெரியாமலே இறந்துபோன தாய்மார் பலர். அவர்களிடம் போய் இருங்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள். அதை அவர்கள் விரும்புகிறார்கள்.

போரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் நீங்கள் வன்னியைப் பார்க்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். எங்களைச் செத்தவர்களின் ஊராக மட்டும் நினைவில் வைத்திருப்பது எங்களுக்குச் செய்கிற இன்னொரு அநியாயம்.

மாரியில் இரணைமடுவுக்கு வாருங்கள். 1920களில் கட்டி முடித்த குளம், வடமாகாணத்திலேயே பெரியது, கனகராயன் ஆற்றுத் தண்ணீர். முப்பத்தாறு அடி நிரம்பி வான் பாயும் என்ற செய்தி வந்தால் கிளிநொச்சியே அணைக்கட்டுக்கு வந்துவிடும். வான் கதவு திறந்து தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாயும்போது கிழவர்கள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு அது அடுத்த சிறுபோகக் கணக்கு. இத்தனை அடி தண்ணீர் என்றால் இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். 2018 டிசெம்பரில் அதே குளம் நிரம்பிக் கிளிநொச்சியின் பல இடங்கள் வெள்ளத்துக்குள் நின்றதும் உண்டு. தை மாதம் வந்தால் குளத்துக்குக் கீழே கண் எட்டுமட்டும் கதிர். மாசி, பங்குனியில் அறுவடை இயந்திரச் சத்தமும் றோட்டோரத்தில் காயவிட்ட நெல்லும். நெல்லின் மேலால் வாகனம் ஏற்றாமல் ஓட்டச் சொல்லுங்கள்.

வைகாசியில் வருகிறவர்கள் வற்றாப்பளைக்குப் போகவேண்டும். கண்ணகை அம்மன் பொங்கல். அதற்கு ஒரு கிழமைக்கு முந்திச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய், அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள். பிறகு அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் வந்து இருந்த இடம் நந்திக்கடலோரம் என்பது ஊரின் நம்பிக்கை. மாட்டுக்காரச் சிறுவர்களிடம் கிழவியாக வந்து, எண்ணெய் இல்லையென்றதும் கடல் தண்ணீரில் விளக்கேற்றச் சொன்னாளாம். பொங்கல் இரவில் காவடியும் தூக்குக்காவடியுமாகப் பல்லாயிரம் சனம். அதே நந்திக்கடல்தான். 2009க்குப் பிறகு எங்களுடைய பொங்கல் அந்தக் கரையில் திரும்ப நடந்தது என்பதை உங்கள் பிள்ளைகள் நேரே பார்க்கவேண்டும்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் கற்சிலைமடுவுக்குப் போங்கள். 1803இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்த பண்டார வன்னியன், அதே வருடம் ஒக்டோபர் 31 இந்த இடத்தருகே தோற்கடிக்கப்பட்டான். தோற்கடித்த அதிகாரி வொன் டிரிபேர்க்கின் பெயரோடு ஆங்கிலேயர் ஒரு கல் நட்டார்கள். எங்கள் சனம் பண்டார வன்னியனுக்குச் சிலை வைத்தது. வெற்றி பெற்றவன் கல் நடுவதும், பிறகு சனம் தன் ஆளை நினைப்பதும் வன்னிக்குப் புதிதல்ல.

மேற்கே பூநகரிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை இருக்கிறது. கௌதாரிமுனைப் பக்கம் மணல் மேடுகளுக்கு நடுவே மண்ணித்தலைச் சிவன் கோயில், சோழர் காலத்தது என்று ஆய்வாளர் கருதுகிற பழைய கட்டடம், இடிந்து நிற்கிறது. நிழலில்லை, தொப்பியும் தண்ணீரும் எடுத்துப்போங்கள். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால் அந்த வழியாகவே யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம். கிழக்கே சுண்டிக்குளம் 1938இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. பூநாரைகள் வருகிற காலத்தில் விடியற்காலை போகவேண்டும்.

சாப்பாட்டுக்கு அம்மாச்சி உணவகத்தைத் தேடுங்கள். வடமாகாண விவசாயத் திணைக்களம் ஏற்படுத்தியது. பெண்கள் குழுவாக நடத்துகிறார்கள். மூன்று மாவட்டத்திலும் உண்டு. குரக்கன் புட்டும் கீரை வடையும் இலைக்கஞ்சியும் உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே செய்து தருவார்கள். அந்தக் காசு நேரே அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போகிறது. அவர்களில் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள் பலர். சித்திரை வைகாசிக்குப் பிறகு றோட்டோரத்தில் பாலைப்பழம் விற்பார்கள். மஞ்சள் மணி போன்ற பழம், கறுத்த விதை, பால் உதட்டில் ஒட்டும், பிள்ளைகள் விடமாட்டார்கள். குளத்து விராலும் யப்பான் மீனும் பொரித்துக் கேளுங்கள். மரை வற்றலும் மான் இறைச்சியும் மட்டும் கேட்காதீர்கள். வேட்டை சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்று யாரோ ஒரு பையன் காட்டுக்குள் கட்டுத்துவக்கு வைக்கிறான். அந்தக் காட்டில்தான் விறகுக்கும் தேனுக்கும் சனம் போகிறது.

காடு என்றதும் இன்னொன்று. கண்ணிவெடி முற்றாக அகற்றி முடியவில்லை. முகமாலைப் பக்கம் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுகிறவர்களில் பெண்கள் ஏராளம். முகக்கவசத்துக்குப் பின்னால் அந்த வெயிலில் அவர்கள் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அங்காலே ஒரு அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் நடந்து பழகிய பாதையை விட்டு இறங்காதீர்கள். பழைய இரும்பு எதையும் கையில் எடுக்காதீர்கள். இருட்டினால் உள்வீதிகளில் பஸ் குறைந்துவிடும். ஆகவே பின்னேரமே தங்குமிடத்துக்கு வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஊரிலேயே ஓட்டோக்காரர் ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் இருக்கிற வரைபடத்தைவிட அவருக்கு எங்கே யானை கடக்கும், எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறும் என்பது நன்றாகத் தெரியும்.

தங்குவது எங்கே என்பதிலும் கொஞ்சம் யோசியுங்கள். 2012இல் நந்திக்கடலோரத்தில் இராணுவம் ஒரு சொகுசு விடுதியைத் திறந்தது. ஏ9இல் படையினர் நடத்திய தேநீர்க்கடைகளையும் கண்டிருப்பீர்கள். தன் காணியைத் திரும்பக் கேட்டு வருடக்கணக்காகத் தெருவில் இருந்த சனம் உள்ள மண் இது. கேப்பாப்புலவில் 2017 மார்ச்சில் தொடங்கிய போராட்டத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் ஊர்க்காரர் நடத்துகிற சிறு விடுதிகள் இருக்கின்றன. கட்டில் சாதாரணமாக இருக்கும், மின்விசிறி இருக்கும், காலையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கும். உங்கள் காசு அங்கே போகட்டும். பிள்ளைகள் இல்லாத பெரிய வீடுகளில் தனியாக இருக்கிற வயதானவர்கள் சிலரும் அறை தருகிறார்கள். அவர்களோடு ஒரு இரவு பேசிக்கொண்டிருப்பதற்கு எந்த நட்சத்திர விடுதியும் ஈடாகாது.

இதெல்லாம் உல்லாசப் பயணமா என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்குமா என்று யோசிப்பீர்கள். இரணைமடு வாய்க்காலில் ஊர்ப் பிள்ளைகளோடு குதித்துக் குளித்த பிள்ளைகளை வெளியே எடுப்பதுதான் கஷ்டம். அங்கே சிநேகிதம் பிடித்தவர்கள் பிறகு போனில் பேசுகிறார்கள். வன்னிக்கு உதவி செய்யவேண்டும் என்று தூரத்திலிருந்து நினைக்கிற பிள்ளைக்கும் வன்னியில் ஒரு சிநேகிதன் இருக்கிற பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பணம் அனுப்பினீர்கள், கிணறு வெட்டித் தந்தீர்கள், வீடு கட்டித் தந்தீர்கள், அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். இப்போது கேட்பது அதைவிடச் சின்னது. வந்து இருங்கள்.

அடுத்த முறை கொழும்புக் கோட்டையில் ரயில் டிக்கெட் எடுக்கிறபோது யாழ்ப்பாணத்துக்குக் கேட்காதீர்கள். கிளிநொச்சிக்குக் கேளுங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து உங்கள் உறவு